சானம்மாவைச் சுட்ட தீ

காசம்மாள் கை ஓங்கினால் அது சும்மா இறங்காது என்பது ஒதியம்பட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓங்கிய பிறகு யோசிக்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது. புருஷன் செத்து, கரும்புக்கொல்லையும் நஞ்சையும் அவள் தலையில் விழுந்த வருஷத்தில், பொம்பளைதானே என்று நினைத்து மடையைத் திருப்பித் தன் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டான் ஒரு பங்காளி. அவனை மண்வெட்டிக் காம்பால் அடித்து முழங்கையை உடைத்தாள். ஊர்க்கூட்டத்தில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்துகொண்டு, "பொம்பள இந்த மாதிரி கை நீட்டலாமா?" என்று கேட்டார்கள். "நீங்க நீட்டியிருந்தா நான் எதுக்கு நீட்டப்போறேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அவளைக் கூப்பிட்டு விசாரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. வருஷா வருஷம் திரௌபதியம்மனுக்குக் காப்புக் கட்டித் தீ மிதிப்பாள். ஒரு கொப்புளம் கண்டதில்லை. குண்டத்தை விட்டு இறங்கியதும் உள்ளங்காலைத் தூக்கி ஊருக்கே காட்டுவாள். விதவை, வாய்க்காரி, கை நீட்டுகிறவள் என்று பேசுகிறவர்கள் அந்தக் காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். சுத்தமானவளைத் தீ சுடாது, சுட்டால் அவளிடம் ஏதோ இருக்கிறது. இதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை, ஊருக்கும் சந்தேகம் இல்லை.

பாவம், அந்த நம்பிக்கைதான் அவள் மகளின் தலையில் வந்து விடிந்தது.

ஒரே மகள் மீனாட்சி. பாகூர் ஏரிக்குத் தெற்கே ஒரு ஊரில் பலராமன் என்கிற குடியானவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். நல்ல இடம், வற்றாத பாசனம், சாதுவான மாப்பிள்ளை. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதுதான் குறை. பிள்ளை வேண்டி அந்தச் சித்திரையில் புருஷன் ஊர்த் தீமிதியில் இறங்குவதாக மீனாட்சி வேண்டிக்கொண்டாள். விரதமிருந்து, மஞ்சள் புடவை கட்டி, தலையில் கரகத்தோடு இறங்கினாள். பாதிக் குண்டத்தில் அலறினாள். கரகம் விழுந்தது. எப்படியோ ஓடி வந்து மறுகரையில் விழுந்தவளின் பாதங்களில் தோல் இல்லை.

தூக்கிவிட ஒருத்தியும் கிட்டே வரவில்லை. "அம்மனே காட்டிக் குடுத்துட்டா" என்றாள் மாமியார்க்காரி. பலராமன் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலையில் மீனாட்சியின் கால்களை வாழையிலையில் சுற்றி, மாட்டுவண்டியில் கிடத்தி ஒதியம்பட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "யாரு என்னான்னு கேட்டுச் சொல்லி அனுப்பச் சொன்னாங்க. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்னாங்க."

வேறு யாரையாவது பற்றி இப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் காசம்மாள் அந்த வண்டிக்காரனின் நுகத்தடியைப் பிடுங்கி அவனையே அடித்திருப்பாள். அன்றைக்கு அவள் கையில் எடுத்தது புளிய விளார். அடித்தது மகளை.

"யாருடி?"

"யாரும் இல்லம்மா."

"யாரும் இல்லாம தீ சுடுமா? சொல்லுடி, யாருடி?"

"சத்தியமா யாரும் இல்லம்மா. என்ன நம்பும்மா."

விளார் முறிந்தது. இன்னொன்றை ஒடித்து வந்தாள். பண்ணையாள் இருசப்பன் குறுக்கே விழுந்து இரண்டு அடி வாங்கிக்கொண்டு பிடுங்கி எறிந்தான். பிறகு அதே கையால் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் அடித்து மகளின் பாதத்தில் தடவினாள் காசம்மாள். தடவும்போது அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் கேட்டாள். மீனாட்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டவள்தான், அதற்கப்புறம் பேசவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் முட்டி போட்டுத் தவழ்ந்து கிணற்றடிவரை போய்விட்டதை இருசப்பன் பார்த்துத் தூக்கி வந்தான். அன்று முதல் காசம்மாள் தூங்கும்போது மகளின் புடவைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டு தூங்கினாள். மகள் செத்துவிடக்கூடாது. ஆனால் மகள் சொல்வதை நம்பவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தாள்.

வைகாசியில் வில்லியனூர்த் தேர் வந்தது. பிரெஞ்சு கவர்னர் துரை வந்து வடம் பிடித்துவிட்டுப் போன மறுநாள், குளத்தங்கரை மைதானத்தில் சினிமாக் கொட்டகை ஒன்று முளைத்தது. அப்போதெல்லாம் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று நமக்குப் புரிகிற மாதிரி கதை சொல்லுவான். இந்தக் கொட்டகையில் கதை சொன்னவன் உலகநாதன். கறுத்த ஆள், கட்டுக்குடுமி, வெண்கலக் குரல். அவன் மத்தளக்காரனோடு வண்டியில் ஏறி ஊர் ஊராகக் கூவிக்கொண்டு வந்தான்.

"பிரெஞ்சு தேசத்துக் கன்னிப்பொண்ணு! குடியானவன் பெத்த பொண்ணு! வாளெடுத்து இங்கிலீஷ்காரனை வெட்டுன வீரம்மா! மூணு நாளா ஓடுற கதை! மூணாம் நாளு அக்கினிப் பிரவேசம்! காணத் தவறாதீர்!"

அக்கினிப் பிரவேசம் என்ற வார்த்தை களத்தில் நின்றுகொண்டிருந்த காசம்மாளின் காதில் விழுந்தது. அதைப் போடாமல் வெறுமனே சண்டைப்படம் என்று கூவியிருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். கூட்டம் சேர்க்கிற ஆசையில் உலகநாதன் செய்த காரியம், பின்னால் அவன் விலா எலும்புக்கே வினையாக வந்து முடிந்தது.

சுத்தமான ஒருத்தியைத் தீ என்ன செய்கிறது என்று பார்த்துவிடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இருசப்பனின் பெண்டாட்டியை மகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனாள்.

படத்தில் வந்த அந்தக் கன்னிப்பெண்ணின் பெயரைப் பிரெஞ்சுக்காரன் ழான் என்பான். நம் ஜனங்கள் வாயில் அது நுழையுமா? முதல் ஆட்டம் முடிவதற்குள் அவள் சானம்மா ஆகிவிட்டாள். திரையில் அவள் ஆடு ஓட்டினாள், நூல் நூற்றாள், அப்பன்காரனிடம் திட்டு வாங்கினாள். மரத்தடியில் நின்றவளுக்கு ஆகாயத்திலிருந்து குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்கும்போது திரை முழுக்க அவள் முகம் வந்தது. வேஷம் கட்டியவள் யாரோ, பெரிய கண்கள், அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. காசம்மாள் வாய்விட்டு, "ஐயோ, எம்பொண்ணே!" என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களும் அழுதார்கள். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது காசம்மாளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவளுக்கு அப்படி இருந்ததில்லை.

இரண்டாம் நாள் கூட்டம் நெரிந்தது. மங்கலம், உறுவையாறு, திருபுவனை என்று எல்லா ஊர் வண்டிகளும் குளத்தைச் சுற்றி அவிழ்த்துக் கிடந்தன. சானம்மா கவசம் பூட்டிக் குதிரையேறி, கொடியைப் பிடித்துக்கொண்டு வந்ததும் காசம்மாள் முன்னால் போய்த் திரைக்கெதிரே தேங்காய் உடைத்தாள். தாலியறுத்தவள் தேங்காய் உடைக்கலாமா என்று கேட்க நாக்கு இருந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. கற்பூரம் ஏற்றினார்கள். வாலிபர்கள் தோளில் துண்டைப் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். சானம்மா திரையில் வரும்போது உட்கார்ந்திருந்தவனுக்கு முதுகில் விழுந்தது.

அடி வாங்கியவர்களில் பாவப்பட்டவர்கள் கண்டமங்கலத்துக்காரர்கள். எல்லைக் கல்லைத் தாண்டினால் இங்கிலீஷ் சீமை, அவர்கள் ஊர் அந்தப் பக்கம். கோட்டைமேல் இருந்த இங்கிலீஷ் சிப்பாய் விட்ட அம்பு சானம்மாவின் தோளில் பாய்ந்தது. கொட்டகை ஓவென்று கத்தியது. "டேய், கண்டமங்கலத்தானுங்க இங்கதாண்டா குந்திக்கினு இருக்கானுங்க!" என்று எவனோ ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான். வெல்லம் விற்க வந்து, படம் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்த நாலைந்து பேரைத் தூக்கிப்போட்டு மிதித்தார்கள். "நாங்க இன்னாபா பண்ணோம்? நாங்களும் சானம்மா பக்கம்தாம்பா!" என்று கத்தினான் ஒருத்தன். அவன் பல்லோடு சேர்ந்துதான் அந்தப் பேச்சு வெளியே வந்தது. காசம்மாள் தடுக்கவில்லை, இன்னும் நாலு போடச் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் கடைத்தெருவில் இன்னொரு கூத்து. ஜவுளிக்கடை சௌந்தரராஜன் படித்தவன், வாரம் ஒருதரம் புதுச்சேரி போய் வருகிறவன். சானம்மா வேஷக்காரியின் வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்று அவனிடம் இருந்தது. முழங்காலுக்கு மேல் பாவாடை, கழுத்தளவுக்கு வெட்டிய மயிர், விரலிடுக்கில் சிகரெட்டு, பல் தெரிகிற சிரிப்பு. கடையில் அதைத் தொங்கவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான்.

"உங்க சாமியப் பாத்துக்குங்க. கூலிக்கு வேஷம் கட்டறவ. நீங்க எல்லாம் இவளுக்குத் தேங்கா உடைக்கிறீங்க."

காசம்மாள் அந்தப் பக்கம் புடவை எடுக்க வந்தாள், அன்று சாயங்காலம் தீயிலிருந்து வெளியே வரப்போகிறவளுக்குச் சாத்துவதற்கு மஞ்சள் புடவை. அட்டையைப் பார்த்தாள்.

"இன்னாது இது?"

"அதாங்கம்மா, உங்க சானம்மா."

"அவள அவுத்துப்போட்டா படம் புடிச்சி வெச்சிருக்க?"

"நானா புடிச்சேன்? அவளே நிக்கிறா…"

துணி அளக்கிற கஜக்கோல் மேஜைமேல் கிடந்தது. அது அவன் தலையில் இரண்டாக முறிந்தது. ரத்தம் புதுப் புடவைக்கட்டின்மேல் சொட்டியது. ரத்தம் படாத புடவை ஒன்றை உருவிக்கொண்டு, அட்டையைக் கிழித்துக் கல்லாவில் போட்டுவிட்டு நடந்தாள் காசம்மாள். அதில் இருந்தது அதே கண்கள்தான் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்ததனால்தான் அவ்வளவு ஓங்கி அடித்தாள்.

மூன்றாம் நாள். தீமிதிக்கு என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தார்கள். திரைக்குக் கீழே, அக்கினிக் குண்டத்தின் முடிவில் தோண்டுகிற மாதிரி, சிறிதாக ஒரு பால்குழி தோண்டினார்கள். காசம்மாள் தன் வீட்டு மாடுகளின் பாலை முழுக்கக் கொண்டுவந்து அதில் ஊற்றினாள். வெளியே வருகிறவள் கால் நனைப்பதற்குத்தான். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், பூச்சரம், மஞ்சள் புடவை எல்லாம் தயாராக இருந்தன. கொட்டகைக்காரன் பால்குழியைப் பார்த்தான். உலகநாதனைப் பார்த்தான். உலகநாதனுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆனால் கூட்டம் உள்ளே வந்துவிட்டது.

படம் ஓடியது. அங்கி போட்ட பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து சானம்மாவைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். அவள் தலையை மழித்தார்கள். காசம்மாள் நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டாள். "கேட்டுப் பாருங்கடா, எத்தினி வாட்டி வேணா கேட்டுப் பாருங்க! அவ சுத்தமானவடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கட்டையை அடுக்கினார்கள். அவளைக் கம்பத்தில் கட்டினார்கள். உலகநாதனின் வெண்கலக் குரல், "அக்கினி பகவான் எழுந்தான்…" என்றதோடு நின்றுவிட்டது.

"கோவிந்தா! கோவிந்தா!" கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். புகை எழுந்தது. அந்த முகம் வானத்தைப் பார்த்தது. புகை மூடியது. காசம்மாள் மஞ்சள் புடவையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பால்குழிக்குப் பக்கத்தில் நின்றாள். புகை விலகும், வருவாள். இதோ வருவாள்.

புகை விலகியபோது கம்பம் மட்டும் நின்றது. பிறகு ஏதோ பிரெஞ்சு எழுத்து. பிறகு வெறும் வெள்ளைத் துணி.

"மீதியப் போடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய், மீதியப் போடுடா!"

"கடைசிச் சுருள இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டானுங்கடா!"

முதலில் பறந்தது வெற்றிலைச் செம்பு. அப்புறம் கல். அப்புறம் பெஞ்சு. கொட்டகைக்காரனைத் தூணோடு வைத்து உதைத்தார்கள். மத்தளத்தை ஒருவன் காலால் கிழித்தான். கம்பு கொண்டுவந்தவர்கள் எதிரே வந்தவனையெல்லாம் அடித்தார்கள், தன் ஊர்க்காரனையும் சேர்த்து. ஓடப் பார்த்த உலகநாதனின் குடுமி காசம்மாளின் கையில் சிக்கியது. இழுத்துப் பால்குழியில் தள்ளி, விலாவில் மிதித்தாள். ஏதோ முறிகிற சத்தம் கேட்டது.

"எங்கடா அவ வெளிய வர்ற படம்?"

"இல்லம்மா…"

"பிரவேசம்னு கூவுனியே, எங்கடா?"

"கூட்டம் வரணும்னு கூவுனேம்மா! அவ்வளவுதாம்மா படம். அவ வெளிய வரல. வெந்து செத்துட்டா. சாம்பலக் கொண்டுபோய் ஆத்துல கொட்டிட்டாங்க."

"அவ தப்பு பண்ணவளா?"

"இல்லம்மா. எரிச்சவனுங்களே பின்னால தப்பு எங்க பேர்லதான்னு சொல்லிட்டானுங்க. இப்ப சர்ச்சில வெச்சிக் கும்புடுறாங்க."

"அப்புறம் ஏண்டா சுட்டுச்சி?"

பாலும் ரத்தமும் மண்ணுமாகக் கிடந்த உலகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வலியில் அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நெருப்புன்னா சுடாம இன்னா பண்ணும்?" என்று கத்தினான்.

அவள் அவன் குடுமியை விட்டாள். அந்த நேரத்தில் பின்னால் படப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளுக்கு ஒரு பொறி போதும். குப்பென்று பற்றிக்கொண்டு கீற்றுக்குத் தாவியது. கம்பை எறிந்துவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். உலகநாதனால் எழுந்திருக்க முடியவில்லை. காசம்மாள் வெளியே ஓடாமல் திரும்பி வந்து அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தாள். எரிகிற திரை அறுந்து மேலே விழுந்தது. வலது கையால் அதைத் தள்ளினாள். துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வெளியே குளத்தங்கரையில் அவனைப் போட்டுவிட்டு, தண்ணீரில் கையை விட்டாள். எத்தனையோ வருஷம் தீ மிதித்தவள், விரதத்தில் ஒரு குறை வைக்காதவள், அவள் கையைத் தீ தின்றிருந்தது. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளுடைய பாதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாயில் புடவையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் இருசப்பனை வண்டி பூட்டச் சொன்னாள். வீட்டுக்குள் போய் மகளைப் பார்க்கவில்லை. வெறும் கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது? கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது.

பலராமன் வீட்டுக் களத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையடுப்பில் தணல் தகதகவென்று கிடந்தது. கையில் வேட்டித் துணி சுற்றிக்கொண்டு வந்து நிற்கிற மாமியாரைப் பார்த்ததும் பலராமன் எழுந்து மேல்துண்டை எடுத்தான்.

"வாங்க அத்த."

"உங்க ஆளுங்களக் கூப்புடுங்க மாப்ள. உங்கம்மாளையும் கூப்புடுங்க. யாருன்னு கேட்டுச் சொல்லச் சொன்னீங்களே, சொல்லத்தான் வந்தேன்."

அக்கம்பக்கமெல்லாம் கூடியது. பலராமனின் தாய்க்காரி முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். காசம்மாள் பலராமனின் பக்கத்தில் போனாள். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கரும்பு வெட்டிக் காய்த்த பிடி அது.

"நீ சுத்தமானவன்தானே?"

"அத்த, இன்னா இது…"

"சொல்லுடா. வேற ஒருத்திய நெனச்சதில்லியே?"

"இல்ல அத்த."

"அப்ப உன்ன ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, அவன் கையை அடுப்புத் தணலில் அழுத்தினாள்.

அவன் போட்ட சத்தத்தில் ஏரிக்கரைக் கொக்குகள் எழும்பின. தாய்க்காரி பாய்ந்து வந்தாள், முழங்கையால் ஒரே இடி, மூக்குடைந்து உட்கார்ந்தாள். இரண்டு ஆண்கள் காசம்மாளின் தோளைப் பிடித்து இழுத்தார்கள், அவள் அசையவில்லை. தோல் கருகும் நாற்றம் வந்தது.

"சுடுதா? சொல்லுடா, யாருடா அவ?"

"யாரும் இல்ல அத்த! எங்கம்மா மேல சத்தியம், யாரும் இல்ல! என்ன நம்புங்க அத்த!"

"யாரும் இல்லாம தீ சுடுமா?"

கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. புளிய விளாரும் கையுமாகத் தான் நின்றது கண்ணுக்குத் தெரிந்தது. பிடியை விட்டாள். பலராமன் மண்ணில் புரண்டான். கூடியிருந்தவர்களில் ஒருவரும் அவனைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. எல்லோரும் எண்ணெய்க்கும் வாழையிலைக்கும் ஓடினார்கள். அதைப் பார்த்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

"இவனுக்கு மட்டும் எண்ணெ கொண்டாறீங்க" என்றாள். "எம்பொண்ணத் தூக்கிவிட ஒரு நாதி வந்துச்சா?"

கையைப் பிடித்துக்கொண்டு பலராமன் முனகினான்: "அவள அனுப்பி வைங்க அத்த. வெச்சிக்கிறேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் காசம்மாள் வண்டியில் நேராக உட்கார்ந்து வந்தாள். கை கொதித்தது, மனசு குளிர்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டினாள். சானம்மா, குதிரை, கம்பம், பால்குழி, தன் கை, பலராமன் கை.

"நீ சுத்தமானவதாண்டி, எங்கண்ணே. தீன்னா யாரயும் சுடும். சானம்மாவயே சுட்டுச்சி. உம்புருஷன் வாயாலயே வரச் சொல்லிட்டான். நான் கொண்டுபோய் வுடுறேன், எழுந்திரு."

மீனாட்சி திரும்பினாள். ஒரு மாதத்துக்கு மேல் பேசாத வாய், குரல் உடைந்து வந்தது.

"அந்தப் பொண்ணு நெசமாவே வெந்துச்சா?"

"ஐய, அது வேஷக்காரிடி" என்றாள் காசம்மாள், மகள் பேசிவிட்ட சந்தோஷத்தில். "வேகுற மாதிரி காட்றாங்க. அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எங்கியோ நல்லாத்தான் இருப்பா."

மீனாட்சி தாயின் முகத்தையே பார்த்தாள்.

"வேகாதவளப் பாத்து நம்பிட்ட. வெந்தவ நான் காலப் புடிச்சிக்கிட்டு சொன்னேன், அடிச்ச."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள். 

மறுநாள் சொல்தா என்று சொல்கிற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் வந்து அவளைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகை எரிந்தது, உலகநாதனின் விலா, சௌந்தரராஜனின் மண்டை, பலராமனின் கை, எல்லாம் சேர்ந்து அவளை ஒரு வருஷம் உள்ளே போட்டது. அவள் எதையும் மறுக்கவில்லை. வெளியே வந்தபோது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. மீனாட்சி குதிகாலை ஊன்றாமல் விந்தி விந்தி நடந்து, ஆட்களை ஏவிக்கொண்டிருந்தாள். பாகூருக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பலராமன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு காசம்மாள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். மகள் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குச் சோறு, தீபாவளிக்குப் புடவை, காய்ச்சலென்றால் கஷாயம். தாயைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் அரிவாளை எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் நேரில் அவளை அம்மா என்று கூப்பிடுவதில்லை. "சாப்புடு" என்பாள், "படு" என்பாள், அதோடு சரி. கடைசி நாள்களில், படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் காசம்மாள் கண்ணைத் திறந்து அவள் வாயைப் பார்ப்பாள். அம்மா என்கிற ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவளுக்கு நாக்கு எழவில்லை. மீனாட்சியும் கஞ்சியைக் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்விடுவாள்.